18 டன் இழுக்கிற வண்டிக்கு ஹைப்ரிட் செட்டாகுமா?

ஸ்பேனர் பக்கம்



'ஹைப்ரிட்'னு சொன்னதும் மனசுல என்ன வருது? சிக்னல்ல நின்னா இன்ஜின் தானா ஆஃப் ஆகும். பிரேக் அடிச்சா பேட்டரியில சார்ஜ் ஏறும். கிளம்புறப்போ மோட்டார் ஒரு தள்ளு தள்ளும். மாசக் கடைசியில பெட்ரோல் செலவு குறையும். 1997-ல் ஜப்பானில் டொயோட்டா பிரையஸ் வந்ததிலிருந்து இதுதான் ஃபார்முலா. கார்ல இது சூப்பர் ஹிட், சந்தேகமே இல்லை.

இதே ஃபார்முலாவை அமெரிக்காவோட ஹெவி டியூட்டி பிக்கப் டிரக்ல கொண்டுபோய் மாட்டினா? 'மாட்டிட வேண்டியதுதானே, அதுல என்ன பிரச்னை'ன்னுதான் எல்லாரும் சொல்வோம். கையில ஒரு கால்குலேட்டரை எடுத்தா மேட்டர் வேற மாதிரி போகுது. அதான் இந்த வாரம்!

முழு யானை!

முதல்ல வண்டியைத் தெரிஞ்சுக்குவோம். பிக்கப்னா முன்னாடி கேபின், பின்னாடி திறந்த தொட்டி. நம்ம ஊர் 'குட்டி யானை'யை மனசுல வெச்சுக்கிட்டுப் படிக்காதீங்க. இது முழு யானை!

அமெரிக்கப் பிக்கப்ல பெரிய சைஸ் வண்டிகளை ரெண்டா பிரிக்கலாம். 'அரை டன்' என்று செல்லமாகக் கூப்பிடும் லைட் டியூட்டி வண்டிகள் ஒரு பக்கம்: ஃபோர்டு எஃப்-150, ராம் 1500, செவர்லே சில்வராடோ 1500. அதுக்கு மேல ஹெவி டியூட்டி: ஃபோர்டு சூப்பர் டியூட்டி வரிசையில் எஃப்-250, எஃப்-350, எஃப்-450, ராம் 2500, 3500, சில்வராடோ 2500, 3500, கூடவே ஜி.எம்.சி. சியரா. வண்டியும் அதில் ஏற்றும் சுமையும் சேர்ந்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 8,500 பவுண்டைத் தாண்டினால் இந்தப் பிரிவு. நம்ம கணக்குல சுமார் 3.86 டன். மேல் எல்லை 14,000 பவுண்டு, அதாவது 6.35 டன்.

பின்னாடி டிரெய்லர் மாட்டி இழுக்கிறது தனிக் கணக்கு. எஃப்-450 அதிகபட்சமாக 40,000 பவுண்டு இழுக்கும்னு ஃபோர்டு சொல்லுது. 18 டன் பாஸ்! அதுக்குக் கிடைக்கும் 6.7 லிட்டர் வி8 டீசல் இன்ஜினின் 'ஹை அவுட்புட்' வெர்ஷனில் 500 குதிரைத்திறன், சுமார் 1,627 நியூட்டன் மீட்டர் டார்க்.

ஓட்டுறவங்க யாரு? கட்டட கான்ட்ராக்டர், பண்ணைக்காரர், கரன்ட் கம்பம் ரிப்பேர் பண்றவர், புல்டோசரை டிரெய்லர்ல ஏத்திக்கிட்டுப் போறவர். வண்டி ஒரு நாள் நின்னா, அன்னைய வருமானம் அவுட். அதனால இவங்ககிட்ட 'புது டெக்னாலஜி, டிரை பண்ணிப் பாருங்க'ன்னு சும்மா சொல்லிட முடியாது.

லைட் டியூட்டியில ஹைப்ரிட் ஏற்கெனவே வந்தாச்சு. 2021 மாடலாக ஃபோர்டு எஃப்-150 பவர்பூஸ்ட், 2022 மாடலாக டொயோட்டா டண்ட்ரா. ஆனா, ஹெவி டியூட்டியில பெரிய கம்பெனிகளோட ஷோரூம்ல இன்னிக்கு வரைக்கும் ஒரு ஹைப்ரிட்கூட இல்லை. ஏன்?

பிளஸ் டூ பிசிக்ஸ் போதும்

பயப்படாதீங்க, அரை எம் வி ஸ்கொயர்தான். பதிலை ஜூல்ல சொன்னா யாருக்கும் ஒட்டாது. வீட்டுக் கரன்ட் பில்லில் வருமே, அந்த 'யூனிட்'லயே பேசுவோம். ஒரு யூனிட்னா ஒரு கிலோவாட்-மணி.

1.4 டன் கார் 50 கி.மீ. வேகத்துல வந்து நிற்குது. அதோட இயக்க ஆற்றல் 0.04 யூனிட்கூட இல்லை. சில்லறைக் காசு. ஆனா, சிட்டியில ஒரு நாளைக்கு நூறு தடவை பிரேக் அடிப்போம். சில்லறை சேர்ந்து நோட்டாயிடும். ஹைப்ரிட் கார் ஜெயிச்ச ரகசியங்கள்ல இது ஒண்ணு.

இப்போ நம்ம யானை. டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்து 10 டன், வேகம் 100 கி.மீ.ன்னு வெச்சுக்குங்க. ஒரு தடவை நின்னா 1.07 யூனிட்! காரைவிட 28 மடங்கு. 'அட, அப்போ ஜாக்பாட்தானே'ன்னு தோணுதுல்ல? இங்கதான் ட்விஸ்ட்.

ஒண்ணு, அந்த வண்டி 15 செகண்டுல நிற்குதுன்னா, சராசரியா 257 கிலோவாட் வேகத்துல ஆற்றலைப் பிடிக்கணும். எஃப்-150 பவர்பூஸ்ட்ல இருக்கிற மோட்டார் 35 கிலோவாட். ஏழுல ஒரு பங்குதான் கைக்கு வரும். மிச்சம் பிரேக்ல சூடாகிக் காத்தோட போயிடும். ரெண்டாவது, டிரெய்லர் இழுக்கிறவர் ஹைவேயில ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை நிற்பார்? அந்த ஒரு மணி நேரத்துல காத்தையும் டயர் உராய்வையும் எதிர்த்து ஓட, பெட்டி மாதிரி உயரமான டிரெய்லரா இருந்தா, சுமார் 100 யூனிட் தேவைப்படும். அதுல ஒரு யூனிட்டைத் திருப்பிப் பிடிச்சா லாபம் ஒரு சதவிகிதம்.

இன்னொரு விஷயமும் இருக்கு. இன்ஜினை அதோட திறமையான ரேஞ்சிலேயே வெச்சிருக்கிறதுதான் ஹைப்ரிட்டோட பெரிய வேலை. லேசான வேலை பார்க்கும்போதுதான் இன்ஜின் எரிபொருளை வீணாக்கும். 10 டன் இழுக்கிற டீசல் இன்ஜின் ஏற்கெனவே மூச்சைப் பிடிச்சு வேலை செஞ்சுட்டுதான் இருக்கு. நல்லாப் படிக்கிற பையனுக்கு டியூஷன் வெச்ச மாதிரி, அங்கே மார்க் ஏத்த பெருசா இடம் இல்லை.

மலை ஏறினா தெரியும் சேதி

கொலராடோ மாநிலத்துல ஐ-70 நெடுஞ்சாலையில ஐசனோவர் சுரங்கப்பாதை இருக்கு. கடல் மட்டத்துக்கு மேல சுமார் 3,400 மீட்டர். அமெரிக்காவுல பிக்கப் டெஸ்ட் பண்றவங்களுக்கு இந்த ஏற்றம் ஒரு செமஸ்டர் எக்ஸாம் மாதிரி. மேற்குப் பக்கத்துல இருந்து ஏறினா சுமார் 13 கி.மீ. தூரத்துல 650 மீட்டர் உயரம் ஏறணும்.

10 டன்னை 650 மீட்டர் தூக்க எவ்வளவு ஆகும்? எம் ஜி எச் போடுங்க. ஏறத்தாழ 18 யூனிட். பவர்பூஸ்ட் பேட்டரி எவ்வளவு? 1.5 யூனிட். அதை மொத்தமா வழிச்சுப் போட்டாலும் மோட்டார் முழு பலத்தோட ரெண்டரை நிமிஷம் உதவும். 97 கி.மீ. வேகத்துல ஏறினாலே எட்டு நிமிஷம் ஆகிற மலை அது. மிச்ச நேரம் மோட்டாரும் பேட்டரியும் இன்ஜினுக்குக் கூடுதல் சுமை.

இறங்கும்போது? அதே 18 யூனிட் திரும்பி வருது. காத்து, உராய்வுக்குப் போக மீதியைப் பிடிக்கலாம். ஆனா, 1.5 யூனிட் பேட்டரி பாதி மலையைத் தாண்டுறதுக்கு முன்னாடியே நிரம்பிடும். சொம்பை வெச்சுக்கிட்டு அருவியில தண்ணி பிடிக்கிற கதை! அப்புறம் வழக்கம்போல எக்ஸாஸ்ட் பிரேக்தான் கதி.

'அப்போ பெரிய பேட்டரி வெச்சுடலாமே!' வைக்கலாம். ஆனா, மொத்த எடைக்கு ஒரு வரம்பு இருக்குன்னு பார்த்தோம் இல்லையா? பேட்டரியில கூடுற ஒவ்வொரு கிலோவும் தொட்டியில ஏத்துற சுமையில ஒரு கிலோவைத் தின்னுடும். செங்கல் ஏத்துறவர்கிட்ட 'கொஞ்சம் செங்கலுக்குப் பதிலா பேட்டரி ஏத்திக்குங்க அண்ணே'ன்னு சொன்னா, அவர் கையில இருக்கிற செங்கல் எங்கே வரும்னு சொல்லத் தேவையில்லை.

முன்னாடியே கை வெச்சவங்க

இந்த ஏரியாவுல யாரும் முயற்சியே பண்ணலைன்னு நினைக்காதீங்க. 2000-கள்ல ஜெனரல் மோட்டார்ஸ், சில்வராடோ, சியரா அரை டன் வண்டிகள்ல 42 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரியோட ஒரு லைட்டான ஹைப்ரிட் விட்டது. மைலேஜ் கூடியது கொஞ்சம்தான். ஆனா, வண்டியில 120 வோல்ட் பிளக் பாயின்ட் நாலு இருந்துச்சு. வேலை நடக்கிற இடத்துல டிரில்லிங் மெஷின், ரம்பம் எல்லாம் நேரா சொருகிக்கலாம். இந்த பிளக் பாயின்ட்டை ஞாபகத்துல வெச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

அதே காலகட்டத்துல டாட்ஜ், ராம் 2500-ல கம்மின்ஸ் டீசலோட மோட்டாரைச் சேர்த்து 'கான்ட்ராக்டர் ஸ்பெஷல்'னு ஒண்ணு செஞ்சது. அசல் ஹெவி டியூட்டி ஹைப்ரிட்! ஆனா, சில நிறுவனங்களுக்குச் சோதனைக்குக் கொடுத்ததோட சரி, ஊர் முழுக்க விற்பனைக்கு வரலை.

2009-ல ஜி.எம். மறுபடி வந்தது. 6 லிட்டர் வி8 இன்ஜின், 300 வோல்ட் பேட்டரி, 'டூ மோட்' கியர்பாக்ஸ். சிட்டி மைலேஜ்ல நல்ல முன்னேற்றம். ஆனா, இழுக்கும் திறன் 6,100 பவுண்டு, சுமார் 2.8 டன்தான். 2013-ம் வருஷ மாடலோட கடையைக் கட்டியாச்சு.

அப்புறம்தான் 2021-ல பவர்பூஸ்ட். கம்பெனி ஹைலைட் பண்ணது மைலேஜை மட்டும் இல்லை. தொட்டியில இருக்கிற பிளக் பாயின்ட்ல 7.2 கிலோவாட் வரைக்கும் கரன்ட் எடுக்கலாம்ங்கிறதையும்தான். அந்த வருஷம் பிப்ரவரியிலேயே டெக்சாஸ்ல பனிப்புயல். பல லட்சம் வீடுகள்ல கரன்ட் இல்லை. ஜெனரேட்டர் வசதியுள்ள எஃப்-150 வண்டிகளை மக்களுக்கு இரவல் கொடுங்கன்னு டெக்சாஸ் டீலர்களை ஃபோர்டு கேட்டுக்கிட்டது. வீட்டுக்கு ஹீட்டர் ஓடுனது டிரக்ல இருந்து! இந்த வண்டி வெறும் வண்டி இல்லை, நகர்ற கரன்ட் ஆபீஸ்னு ஜனங்களுக்குப் புரிஞ்ச தருணம் அது.

வண்டி நாள் முழுக்க என்ன செய்யுது?

நான் சொல்ல வந்த பாயின்ட் இதுதான். 'ஹைப்ரிட் போட்டா லிட்டருக்கு எத்தனை கி.மீ. கொடுக்கும்'னு கேட்டா, ஹெவி டியூட்டியில பெரும்பாலும் பல்பு வாங்குவோம். 'இந்த வண்டி காலையில இருந்து ராத்திரி வரைக்கும் என்ன செய்யுது'ன்னு கேட்கணும். நம்ம பாஷையில டூட்டி சைக்கிள்.

கரன்ட் கம்பம் ரிப்பேர் பண்ற வண்டியை எடுத்துக்குங்க. காலையில கொஞ்ச தூரம் ஓட்டம். அப்புறம் மணிக்கணக்கா ஒரே இடத்துல நிற்குது. ஆனா, இன்ஜின் ஆஃப் இல்லை. ஆளைத் தூக்குற லிஃப்ட், விளக்கு, கேபினுக்கு ஏ.சி., டூல்ஸ் எல்லாத்துக்கும் 6.7 லிட்டர் இன்ஜின் சும்மா உறுமிக்கிட்டே இருக்கு. ஒரு கிலோவாட் வேலைக்கு 500 குதிரை! அந்த நேரத்துல மைலேஜ் எவ்வளவு? லிட்டருக்கு பூஜ்யம் கி.மீ.

எரிபொருள் வீணாகிறது பாதிக் கதைதான். நவீன டீசல் வண்டியில புகையைச் சுத்தம் பண்ண ரெண்டு முக்கியமான சாமான் இருக்கு. கரியைப் பிடிக்கிற ஃபில்டர், நைட்ரஜன் ஆக்ஸைடைக் குறைக்கிற எஸ்.சி.ஆர். ரெண்டுக்கும் சூடு வேணும். இன்ஜின் ஐடிலிங்ல கிடந்தா புகை போதுமான சூட்டுக்கு வராது. ஃபில்டர்ல கரி அடைக்கும். சுமார் 200 டிகிரிக்குக் கீழே எஸ்.சி.ஆர். வேலையே சரியா செய்யாது. விளைவு, அந்த வண்டி பக்கத்துல நின்னு எட்டு மணி நேரம் வேலை பார்க்கிற தொழிலாளி நெஞ்சுக்குள்ளதான் அந்தப் புகை போகுது. ஃபில்டர் அடைச்சு வண்டி வொர்க்‌ஷாப்ல நின்னா கூலியும் போகுது.

இங்கே ஒரு நடுத்தர பேட்டரி இருந்தா? 10, 15 யூனிட் போதும். இன்ஜினை அணைச்சுட்டு வேலையைப் பார்க்கலாம். சத்தம் இல்லை, புகை இல்லை. பேட்டரி இறங்கினா இன்ஜின் கொஞ்ச நேரம் நல்ல லோடுல ஓடி சார்ஜ் ஏத்திட்டு மறுபடி தூங்கும். ஹெவி டியூட்டி ஹைப்ரிட் முதல்ல ஜெயிக்கப்போற இடம் இதுதான்னு நான் அடிச்சுச் சொல்வேன். மலை ஏறுறப்போ இல்லை, ஓரமா நிற்கிறப்போ!

ரயில் இன்ஜின் ரூட்

இன்னொரு வழியும் இருக்கு. டீசல் ரயில் இன்ஜின் எப்படி ஓடுது? டீசல் இன்ஜின் நேரா சக்கரத்தைச் சுத்தாது. அது ஆல்டர்னேட்டரைச் சுத்தும். அதுல வர்ற கரன்ட்ல மோட்டார் சக்கரத்தைச் சுத்தும். இறக்கத்துல மோட்டாரே பிரேக்காகி, வர்ற கரன்ட்டை ரெசிஸ்டர்ல எரிச்சுத் தள்ளும். எரிக்கிறதுக்குப் பதிலா ஒரு பேட்டரியில சேர்த்து வெச்சா? அதுதான் சீரிஸ் ஹைப்ரிட். கம்பெனிக்காரங்க 'ரேஞ்ச் எக்ஸ்டெண்டர்'னு சொல்வாங்க.

ராம் இந்த ரூட்ல அரை டன் பிக்கப் ஒண்ணை 2023-ல அறிவிச்சது. 92 யூனிட் பேட்டரி, வி6 பெட்ரோல் இன்ஜினோட 130 கிலோவாட் ஜெனரேட்டர். தேதி தள்ளிப்போய்க்கிட்டே இருந்தாலும், 2025-ல முழு எலெக்ட்ரிக் திட்டத்தைக் கைவிட்டப்போ இந்தத் திட்டத்தை மட்டும் கைவிடலை. 2025 டிசம்பர்ல ஃபோர்டும் எஃப்-150 லைட்னிங் முழு எலெக்ட்ரிக் வண்டியை நிறுத்திட்டு, அடுத்த லைட்னிங் ரேஞ்ச் எக்ஸ்டெண்டரோட வரும்னு அறிவிச்சது. கனடாவோட பிரிட்டிஷ் கொலம்பியாவுல எடிசன் மோட்டார்ஸ்னு ஒரு சின்ன கம்பெனி, மரம் ஏத்துற லாரியில இதைச் செஞ்சுட்டு, பழைய பிக்கப்களை மாத்துற கிட்டையும் உருவாக்கிட்டு வருது.

சரி, நம்ம மலையில இந்த டிசைன் தாங்குமா? பேட்டரி நிறைஞ்சிருந்தா 18 யூனிட் ஏற்றம் ஜுஜுபி. ஆனா, பேட்டரி தீர்ந்தா கையில இருக்கிறது 130 கிலோவாட் மட்டும். 10 டன்னோட சமதரையில ஓடவே 100 வேணும்னு மேலே பார்த்தோம். அதே மலையை எட்டு நிமிஷத்துல ஏற, உயரத்துக்கு மட்டும் இன்னொரு 130 வேணும். 18 டன் இழுத்தா கேட்கவே வேணாம். அதனால ஹெவி டியூட்டிக்கு இன்னும் பெரிய ஜெனரேட்டர் தேவை. பெரிய ஜெனரேட்டர்னா எடை, விலை. கூடவே, இயந்திர ஆற்றலைக் கரன்ட்டாக்கி மறுபடி இயந்திர ஆற்றலாக்குற வழியில கொஞ்சம் காணாமப் போகும். சீரா ஹைவேயில ஓடுறதுக்கு நேரடி கியரே மேல்.

ஆக, ஒரே ஹைப்ரிட் எல்லாருக்கும் ஒத்துவராது. தினமும் பல நூறு கி.மீ. டிரெய்லர் இழுக்கிறவருக்கு டீசல்தான் இப்போதைக்குக் கில்லாடி. சைட்டுல நிற்கிறவருக்கு ஹைப்ரிட்.

ஸ்டிக்கரே இல்லாத வண்டி

ஒரு காமெடி சொல்லட்டுமா? அமெரிக்காவுல புதுக் கார் வாங்கினா, கண்ணாடியில அரசாங்க மைலேஜ் ஸ்டிக்கர் இருக்கும். 8,500 பவுண்டைத் தாண்டின பிக்கப்புக்கு அந்த ஸ்டிக்கர் கட்டாயமே இல்லை! அதிகமா டீசல் குடிக்கிற வண்டி வாங்குறவருக்குத்தான், ரெண்டு வண்டியை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நம்பர் கிடையாது. சேமிச்சுக் காட்டினா சொல்லிக்க ஸ்டிக்கர் இல்லைன்னா, கம்பெனிக்கு ஹைப்ரிட் போட என்ன அவசரம்?

2014 மாடல்ல இருந்து வந்த விதிகள் இந்த வண்டிகளை 'வொர்க் ஃபேக்டர்'ங்கிற கணக்கால அளந்தது. ஏத்துற சுமை, இழுக்கிற எடை ரெண்டையும் சேர்த்த கணக்கு. நல்ல ஐடியாதான். ஆனா, வண்டி எவ்வளவு இழுக்க முடியும்னு அதுல தெரியும். எத்தனை மணி நேரம் சும்மா உறுமுதுன்னு தெரியாது.

கதவு மூடிடலை. அடுத்த தலைமுறை சூப்பர் டியூட்டியில எலெக்ட்ரிக் தொழில்நுட்பமும் சேரும்னு 2024 ஜூலையில ஃபோர்டு சொல்லியிருக்கு. எந்த வடிவத்துல வருதுன்னு பார்ப்போம். எனக்கு ஒரே ஆசைதான். இழுக்கிற வீரத்தைக் காட்டுற விளம்பரமா இல்லாம, ஓரமா நின்னு வேலை செய்யறவரோட எட்டு மணி நேரத்தைக் கணக்குல எடுத்த டிசைனா வரணும்.

வைவாவில் கேட்டா...

பிரேக்ல இருந்து ஆற்றல் எடுக்கிறதுக்கு எது தடை? மோட்டாரோட பவரும், பேட்டரியோட கொள்ளளவும்.

ஹைவே டிரெய்லர் வண்டியில ஹைப்ரிட் லாபம் ஏன் கம்மி? நிறுத்தங்கள் குறைவு, இன்ஜின் ஏற்கெனவே திறமையான லோடுல ஓடுது.

ஐடிலிங் டீசலுக்கு ஏன் ஆகாது? புகை சூடாகாது, ஃபில்டர் அடைக்கும், எஸ்.சி.ஆர். தூங்கும்.

ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு 'ஹைப்ரிட்'னு தலைப்பு எழுதி வெச்சிருக்கிற மெக், ஆட்டோ, ட்ரிபிள் ஈ மக்களே, மோட்டார் வாங்கக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு வேலை. காலேஜ் பஸ்ஸோ, கேன்டீனுக்கு வர்ற லோடு வண்டியோ, ஒண்ணைப் பிடிங்க. டிரைவர் அண்ணன்கிட்ட பர்மிஷன் கேட்டு ஒரு நாள் முழுக்க கூடவே போங்க. எத்தனை நிமிஷம் ஓடுச்சு, எத்தனை நிமிஷம் இன்ஜினோட நின்னுச்சு, எத்தனை தடவை பிரேக்? ஒரு நோட்டுல மூணு காலம் போட்டு எழுதுங்க. அந்த நோட்டைப் பார்த்துட்டு பேட்டரி சைஸை முடிவு பண்ணலாம். அண்ணனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்க மறந்துடாதீங்க.

அடுத்த வாரம் பார்ப்போம். ஜூட்!